வடாலாவில் பிரியும் தடம்

மும்பையின் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸிலிருந்து கிளம்பும் ஹார்பர் லைன் வண்டிகள் எல்லாம் முதலில் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, டாக்யார்ட் ரோடு, ரே ரோடு, காட்டன் கிரீன், சிவ்ரி என்று நின்று நின்று வடாலா ரோடு வரை வருகின்றன. அங்கே தடம் இரண்டாகப் பிரிகிறது. மேற்கே திரும்பும் வண்டி கிங்ஸ் சர்க்கிள், மாஹிம் வழியாக அந்தேரி, கோரேகாவ் பக்கம் போகிறது. இன்னொன்று குர்லா, திலக் நகர், செம்பூர் தாண்டி வாஷிக்கும் பன்வேலுக்கும் போகிறது. கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி மாட்டுங்காவுக்குப் போகிறவரும் செம்பூருக்குப் போகிறவரும் மஸ்ஜிதில் ஒரே பிளாட்பாரத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இண்டிகேட்டரில் ஒளிரும் எழுத்தைப் பார்த்து, அவரவர் வண்டியில் ஏறிக்கொள்கிறார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் தொடக்கத்திலிருந்தே தனித்தனித் தண்டவாளம் போட அந்தக் குறுகலான துறைமுக ஓரத்தில் இடம் ஏது? ஒரு தடம், வண்டிக்கு ஓர் அடையாளம், பிரியும் இடத்தில் அந்த அடையாளப்படி வழிவிடும் ஏற்பாடு என்று மூன்றை வைத்துக்கொண்டு ஒரு தடத்தை இரண்டு தடமாக்கிவிட்டார்கள். கணினி வலையமைப்பில் வி-லான் என்று சொல்வது இதைத்தான். ஒரே கேபிளில், ஒரே சுவிட்ச்சில், ஒன்றையொன்று அறியாத பல வலைகளை ஓட்டும் முறை அது.

மும்பையில் இந்த முறைக்குத் தேவை அதிகம். தாராவியின் 90 அடிச் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்துகளில் கீழே பட்டறை, மேலே வீடு, அதற்கும் மேலே இன்னொரு பட்டறை. சுவரோரம் மின்கம்பியும் டிவி கேபிளும் ஃபைபரும் ஒரே கொத்தாகப் போகின்றன. இன்னொரு கேபிள் இழுக்க வேண்டுமென்றால் நாலு வீட்டுக்காரர்களிடம் கேட்டாக வேண்டும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் கட்டப்பட்ட காலத்தில் லேன் கேபிளுக்குக் குழாய் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்க முடியாது. செம்பூரில் பழைய காலனிகளை இடித்துவிட்டு எழும் அடுக்குமாடிகளில் குழாய் இருக்கிறது. ஆனால் கேமரா, இன்டர்காம், சொசைட்டி அலுவலகம், குடியிருப்போரின் இணைப்பு எல்லாம் அந்த ஒன்றுக்குள்தான் போயாக வேண்டும்.

பிரிக்காமலே விட்டால் என்ன கெட்டுவிடும்? இதைப் புரிந்துகொள்ள ஈதர்நெட்டின் பிறவிக் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1973-இல் கலிஃபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் இதை உருவாக்கியபோது, எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த கேபிளில் தொங்கின. ஒன்று பேசினால் மற்ற எல்லாவற்றுக்கும் கேட்கும். அவை முகவரியைப் பார்த்து, தனக்கில்லை என்றால் விட்டுவிடும். இன்று சுவிட்ச் வந்துவிட்டது. எந்தப் போர்ட்டில் எந்தக் கருவியின் மேக் முகவரி இருக்கிறது என்பதை, வரும் ஃபிரேம்களை, அதாவது தகவல் பொட்டலங்களைப் பார்த்தே அது கற்றுக்கொள்கிறது. கற்றதைப் பொதுவாக 300 விநாடி நினைவில் வைத்திருக்கிறது. ஆனாலும் பழைய குணம் முழுக்கப் போகவில்லை. போய்ச் சேரவேண்டிய மேக் முகவரி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், சுவிட்ச் அந்த ஃபிரேமை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். அதோடு பிராட்காஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. பில் போடும் கணினி பிரிண்டரைத் தேடும்போது, "192.168.1.20 யார்? உன் மேக் முகவரி என்ன?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கும். அந்தக் கேள்வி அந்த வலையில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் போகும். கேமராவுக்கும் போகும், வைஃபை கேட்டு வாங்கிக்கொண்ட விருந்தாளியின் கைபேசிக்கும் போகும்.

கூச்சல் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்க முடிந்தவர் பொய்ப் பதிலும் சொல்ல முடியும். "நான்தான் ரவுட்டர்" என்று அந்தக் கைபேசி சொன்னால், நம்பிவிடும் கணினிகள் ஏராளம். சாதாரண ஈதர்நெட்டில் அந்தப் பதிலைச் சரிபார்க்க வழியே கிடையாது.

2000-களின் தொடக்கத்தில் மும்பையின் பல பேட்டைகளுக்கு அகலப்பட்டை இணைப்பைக் கொண்டுவந்தவர் கேபிள் டிவிக்காரர்தான். மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு லேன் கேபிளை இழுத்து, மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு பெட்டிக்குள் சுவிட்ச் வைத்து, வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தார்கள். விலை மலிவு, டயல்-அப்பை விட வேகம். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் இணையத்தைப் பார்த்ததே அப்படித்தான். ஆனால் பல இடங்களில் அந்தத் தெருவே ஒரே லேன் ஆக இருந்தது. விண்டோஸில் நெட்வொர்க் பட்டியலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கணினியின் பெயர் தெரியும். அவர்கள் ஷேர் செய்து மறந்துவிட்ட ஃபோல்டரும் தெரியும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு உலகைச் சுற்றியபோது, ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தாவ அதற்கு இப்படிப்பட்ட வலைகள் வசதியாக இருந்தன. வீட்டுக்கு ஒரு வி-லான், அல்லது கட்டடத்துக்கு ஒன்றாவது பிரிக்கத் தெரிந்த சுவிட்ச்சுகள் அப்போதே இருந்தன. விலைதான் எட்டவில்லை.

இந்த யோசனை பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 1984-இல் உடைந்தபோது, வட்டாரத் தொலைபேசி நிறுவனங்களுக்கான ஆய்வுக்கூடமாக பெல்கோர் உருவானது. அங்கே வேலை பார்த்த டபிள்யூ. டேவிட் சின்காஸ்கி, ஈதர்நெட்டை வைத்தே மிகப் பெரிய வலைகளைக் கட்ட முடியுமா என்று பார்த்தார். அப்போது ரவுட்டர்கள் மெதுவானவை, விலை கூடியவை. சுவிட்ச்சுகளை மட்டுமே கோத்துக்கொண்டு போனால் வேறொரு சிக்கல் வந்தது. ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. எங்காவது ஒரு வளையம் உண்டாகிவிட்டால், ஒரே ஒரு பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றி வந்து, பெருகி, வலையையே முடக்கிவிடும். இதைத் தடுக்க டெக் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையைக் கொடுத்திருந்தார். சுவிட்ச்சுகள் தமக்குள் பேசி, சில இணைப்புகளை மூடி, வளையமே இல்லாத மரமாகத் தம்மை அமைத்துக்கொள்ளும் முறை அது. ஆனால் மரம் என்றால் போக்குவரத்தில் பெரும்பகுதி வேரில் இருக்கும் சுவிட்ச் வழியாகத்தான் போகும். வேர் திணறும்.

சின்காஸ்கி கண்ட வழி, ஒரு மரத்துக்குப் பதில் பல மரங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் அது எந்த மரத்தைச் சேர்ந்தது என்று ஓர் அடையாளத்தைப் போட்டுவிட்டால், அதே கேபிள்களின்மேல் பல மரங்கள் படர முடியும். சுமை பகிரப்படும். சேஸ் காட்டனுடன் சேர்ந்து 1988-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இன்று நாம் பாதுகாப்புக்காகப் போடும் அடையாளம், முதலில் நெரிசலைக் குறைக்கப் பிறந்தது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. வி-லானைப் பூட்டாக யாரும் வடிவமைக்கவில்லை. அதனிடம் பூட்டின் வேலையை முழுதாக எதிர்பார்க்கும்போது எங்கே இடறும் என்பதை இந்தப் பிறப்புக் கதையே காட்டிவிடுகிறது.

1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. சிஸ்கோவின் ஐஎஸ்எல், முழு ஃபிரேமையும் இன்னொரு உறைக்குள் வைத்தது. முன்னால் 26 பைட், பின்னால் 4 பைட் கூடுதல். 1998-இல் ஐஇஇஇ அமைப்பு 802.1க்யூ என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. அது உறை போடாமல், ஃபிரேமின் நடுவில் நான்கே பைட்டைச் செருகியது. இந்த நான்கு பைட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஈதர்நெட் ஃபிரேமின் முதல் 6 பைட், போய்ச் சேரவேண்டிய மேக் முகவரி. அடுத்த 6 பைட், அனுப்பியவருடையது. வழக்கமாக அதற்கடுத்து உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்லும் 2 பைட் வரும். ஐபி பாக்கெட் என்றால் பதினாறடிமான எண்ணில் 08 00. இந்த நான்கு பைட் அடையாளத்தை, அதாவது டேக்கை, போட்ட ஃபிரேமில் அந்த இடத்தில் இப்படி இருக்கும்:

81 00 80 14 08 00

முதலில் வரும் 81 00, "இங்கே ஒரு டேக் இருக்கிறது, கவனி" என்கிறது. கடைசி 08 00 பழைய வகை எண். நான்கு பைட் தள்ளிப் போய்விட்டது, அவ்வளவுதான். செய்தி முழுக்க நடுவில் உள்ள 80 14-இல் இருக்கிறது. அது 16 பிட். முதல் இலக்கமான 8-ஐ இருமத்தில் எழுதினால் 1000. அதன் முதல் மூன்று பிட் 100, அதாவது 4, இது முன்னுரிமை. வீடியோவுக்கு வழக்கமாகத் தரும் எண் அது. நான்காவது பிட், நெரிசல் வந்தால் இந்த ஃபிரேமை முதலில் கைவிடலாமா என்பதைச் சொல்கிறது. இங்கே 0, கைவிட வேண்டாம். மீதி 12 பிட் 014. பதினாறடிமானத்தில் 14 என்றால் 16-உம் 4-உம் சேர்ந்து 20. ஆக, இது வி-லான் 20-ஐச் சேர்ந்த வீடியோ, சற்று முன்னுரிமை கொடு என்பதுதான் பொருள்.

நான்கு பைட் கூடியதால் ஃபிரேமின் உச்ச அளவு 1518-இலிருந்து 1522 ஆனது. பழைய சுவிட்ச்சுகள் சில, அளவு மீறிவிட்டது என்று இதைக் குப்பையில் போட்டன. டேக் என்றால் என்னவென்றே அறியாத கருவி 81 00-ஐப் பார்த்தால், தனக்குத் தெரியாத வகை என்று விட்டுவிடும். பிரிண்டரை டேக் போட்ட போர்ட்டில் மாட்டிவிட்டு "லைட் எரிகிறது, வேலை செய்யவில்லையே" என்று திகைக்கும்போது நடப்பது இதுதான்.

12 பிட்டுக்கு 4096 எண்கள். 0-உம் 4095-உம் ஒதுக்கப்பட்டவை, மிச்சம் 4094. ஓர் அலுவலகத்துக்கு இது ஏராளம். வாடிக்கையாளர்கள் லட்சக்கணக்கில் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் போதாது. அதனால் டேக்கின்மேல் டேக் போடும் 802.1ஏடி 2005-இல் வந்தது. பெரிய தரவு மையங்களுக்காக 24 பிட் கொண்ட விஎக்ஸ்லான் 2014-இல் ஆவணமாக வெளிவந்தது. அதில் 1,67,77,216 எண்கள். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால், அந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வி-லான் ஐடி என்ற கட்டத்தைப் பார்க்கலாம். நிறுவனம் தந்த எண்ணை அங்கே மாற்றிவிட்டால் ஃபைபர் விளக்கு பச்சையாகவே எரியும், இணையம் மட்டும் வராது.

சரி, கையால் செய்து பார்ப்போம். செம்பூரில் ஒரு சிறு மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் போர்ட் கொண்ட ஒரு மேனேஜ்டு சுவிட்ச், ஒரு ரவுட்டர், ஒரு வைஃபை கருவி. பில் கவுண்டருக்கும் நோயாளிகள் பதிவுக்கும் வி-லான் 10. கேமராக்களுக்கு 20. காத்திருப்போர் வைஃபைக்கு 30. வி-லான் 1-ஐ எதற்கும் எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்ததும் எல்லாப் போர்ட்டும் அதில்தான் இருக்கும். அமைக்க மறந்த போர்ட்டும் அங்கேயே கிடக்கும்.

1, 2, 3 ஆகிய போர்ட்டுகளில் கணினிகள். அவற்றை வி-லான் 10-இல், டேக் இல்லாமல் சேர்க்க வேண்டும். 4, 5, 6-இல் கேமராக்கள். வி-லான் 20, டேக் இல்லாமல். 7-இல் வைஃபை கருவி. ஊழியர்களுக்கு ஒரு பெயரும் வருவோருக்கு ஒரு பெயருமாக அது இரண்டு வைஃபையை ஒலிபரப்பும். முதலாவது 10, இரண்டாவது 30. இரண்டும் டேக் போட்டு. 8-ஆவது போர்ட்டில் ரவுட்டர். 10, 20, 30 மூன்றும் டேக் போட்டு. வடாலாவுக்கு முன்னால் இருக்கும் பொதுத் தடம் இந்த 8-ஆவது போர்ட்தான். ஒரு வேற்றுமை உண்டு: வண்டி தன் எழுத்தைக் கடைசி நிலையம் வரை சுமந்து போகும், ஃபிரேமோ கேமராவின் போர்ட்டில் வெளியே போகும்போது டேக்கைக் கழற்றிவிட்டுத்தான் போகும். தான் ஒரு வி-லானில் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது.

விலை குறைந்த சுவிட்ச்சுகளில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு போர்ட்டிலிருந்து வெளியே போகும் ஃபிரேமுக்கு ஓர் அமைப்பு, உள்ளே வரும் ஃபிரேமுக்கு இன்னோர் அமைப்பு. முதலாவது வி-லான் உறுப்பினர் பட்டியல். இரண்டாவது பிவிஐடி, டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃபிரேமை எந்த வி-லானில் சேர்ப்பது என்று சொல்வது அது. பட்டியலில் 20 என்று போட்டுவிட்டு பிவிஐடியை 1 என்றே விட்டுவிட்டால், கேமராவுக்குச் செய்தி போய்ச் சேரும். கேமராவின் பதில் வி-லான் 1-க்குள் போய் மறைந்துவிடும். கேபிள் சரி, கேமரா சரி, விளக்கும் எரிகிறது. மாலை முழுக்க கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. இந்த இரண்டு அமைப்புகளின் பக்கங்களையும் அருகருகே திறந்து வைத்து, போர்ட் போர்ட்டாக ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

பெரிய சிஸ்கோ சுவிட்ச்சுகளில் பொறி வேறு மாதிரி. பல வி-லான்களை டேக் போட்டுச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் ஏற்கெனவே 10, 20 போய்க்கொண்டிருக்க, 30-ஐச் சேர்க்க விரும்புகிறவர் "சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான் 30" என்று அடித்தால், 10-உம் 20-உம் அந்த நொடியே நின்றுவிடும். எண்ணுக்கு முன்னால் "ஆட்" என்று போட வேண்டும். இந்த ஒரு சொல்லை விட்டதால் அலுவலகம் முழுக்கத் துண்டிக்கப்பட்ட கதை தெரியாத நெட்வொர்க் பொறியாளர் இருக்க மாட்டார்.

இவ்வளவு செய்தபின் மூன்று வலைகளும் பிரிந்துவிட்டன. ஆனால் மூன்றும் ரவுட்டரில் வந்து சேர்கின்றன, ரவுட்டரின் வேலையே ஒரு வலையிலிருந்து இன்னொன்றுக்கு வழிகாட்டுவது. விதி எழுதாவிட்டால், 30-இல் இருப்பவரை 10-க்கு அதுவே கொண்டுபோய் விடும். வி-லான் போட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று சொல்லி விற்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். 30-லிருந்து இணையத்துக்கு மட்டும் அனுமதி. 20-லிருந்து எங்கும் போகக் கூடாது. 10-லிருந்து 20-க்குப் போகலாம், கேமராப் படம் பார்க்க. இந்த மூன்று வரியை ரவுட்டரில் எழுதினால்தான் வேலை முடிகிறது.

கேமராவை ஏன் இவ்வளவு சந்தேகிக்க வேண்டும்? 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் அமெரிக்காவின் பெரும்பகுதியில் திறக்கவில்லை. அந்தக் கேமராக்கள் கடைகளிலும் வீடுகளிலும் வழக்கம்போல் படம் பிடித்துக்கொண்டே இருந்தன.

மும்பைக்கு இதைவிட நெருங்கிய அனுபவம் அடுத்த ஆண்டு வந்தது. 2017 ஜூன் 27 அன்று, உக்ரைனில் பயன்படும் எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா பரவத் தொடங்கியது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கின் வலைக்குள் அது நுழைந்தது. செம்பூருக்குத் தெற்கே, கடல்நீருக்கு அப்பால், நவ சேவாவில் உள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்திய முனையத்தில் பெட்டக வேலை தடைப்பட்டது. உக்ரைனில் புகுந்த ஒன்று நவ சேவாவில் லாரிகளை நிறுத்திவைத்ததற்குக் காரணம், நடுவே தடுக்கும் எல்லைகள் போதாமல் இருந்ததுதான். மெர்ஸ்க் தன் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அதன் தலைவர் 2018 ஜனவரியில் டாவோஸில் சொன்னார். நாட்பெட்யா விண்டோஸின் ஓட்டையைப் பயன்படுத்தியது. நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களையும் திருடியது. வி-லான் மட்டும் அதை நிறுத்தியிருக்காது. வி-லான்களுக்கு நடுவே கறாரான விதிகள் இருந்திருந்தால், அது தாவும் தூரம் குறைந்திருக்கும்.

பிரிப்பதை இவ்வளவு வற்புறுத்திய பிறகு, நேர் எதிரான ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். மும்பையில் நிக்சி, டி-சிக்ஸ் போன்ற இணையப் பரிமாற்ற மையங்கள் இருக்கின்றன. போட்டி நிறுவனங்கள் தம் ரவுட்டர்களை அங்கே வேண்டுமென்றே ஒரே லேனில் மாட்டுகின்றன. செம்பூர் வாடிக்கையாளர் ஒரு நிறுவனம், மாட்டுங்கா வாடிக்கையாளர் இன்னொன்று என்றால், அவர்கள் பேச்சு சிங்கப்பூர் போய்த் திரும்பாமல் இங்கேயே கைமாறுவதற்காக. இந்தப் பொது வலையில் கட்டுப்பாடு கடுமையானது. ஒரு போர்ட்டில் ஒரே மேக் முகவரி. ஐபியும் முகவரி கேட்கும் ஃபிரேமும் தவிர மற்றவை பொதுவாக வாசலிலேயே கைவிடப்படும். யார் யாரோடு ஒரே வலையில் இருக்கலாம் என்பதை முதலில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அமைப்பு அதன்பின் வந்தது. சிறு மருத்துவமனையில் விட்டுப்போவது பெரும்பாலும் அந்த முதல் வேலைதான்.

அந்த எட்டுப் போர்ட் சுவிட்ச்சுக்குத் திரும்பினால், மூன்று காரியங்கள் மிச்சம். அமைத்ததைச் சேவ் செய்ய வேண்டும். சில சுவிட்ச்சுகளில் அதற்குத் தனி பட்டன் உண்டு, அதை அழுத்தாமல் போனால் அடுத்த மின்வெட்டில் எல்லாம் வி-லான் 1-க்குத் திரும்பிவிடும். பிறகு, விருந்தாளி வைஃபையில் ஒரு கைபேசியைச் சேர்த்து, பில் கணினியின் முகவரிக்கும் கேமராவின் முகவரிக்கும் பிங் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பதில் வரக்கூடாது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கமும் அங்கிருந்து திறக்கக் கூடாது. இதைச் சோதிக்க மறப்பவர்களே அதிகம். கடைசியாக, எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி, எந்த வி-லான், டேக் உண்டா இல்லையா, பிவிஐடி என்ன என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பெட்டியின் கதவுக்கு உள்புறம் ஒட்ட வேண்டும். அடுத்த முறை கேமரா ஒன்று நின்றுபோனால், அதைப் பார்க்க வேறோர் ஆள்தான் வருவார்.